அத்தா எழுதாத பாராட்டு

அத்தியாயம் 11

நிக்காஹ் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மணமகள் ஸஹ்ரா, மணமகன் வசீம், மண்டபம், நேரம் எல்லாம் பிழையில்லாமல் இருக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள். போன வாரம் இந்த நல்ல சேதியோடுதான் உங்களை விட்டுப் போனேன். நான் சந்தோஷமாக முடித்தால் அடுத்த வாரம் ஏதோ வில்லங்கம் வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுகிற வாசகிகள் இருக்கிறார்கள். இரண்டு பேர் கடிதமே போட்டுவிட்டார்கள். அவர்கள் நினைத்தது சரிதான்.

புதிதாக வந்து சேருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காட்டூரில் பஷீர் அகமது ஆஸ்பத்திரிக் கட்டில்களை வாடகைக்கு விடுகிறார். வீல்சேர், வாக்கர், காற்று மெத்தை எல்லாம் உண்டு. கீழே கடை, மேலே வீடு. மனைவி சுராயா. ஒரே பெண் ஸஹ்ரா, இருபத்தைந்து வயது, பி.காம். கடைக்கு ஓர் இணையதளம் செய்தவள் அவள்தான்.

இணையதளம் செய்தால் போதுமா, ஆள் வர வேண்டாமா? ‘திருச்சி கட்டில் வாடகை’ என்று தேடினால் இவர்கள் கடை நாலாவது பக்கத்தில் கிடந்தது. நாலாவது பக்கம் வரைக்கும் பொறுமையாகத் தேடுகிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை. மேலே வர வேண்டுமானால் வேறு இணையதளங்கள் நம்மைக் கை காட்ட வேண்டும். அங்கே நம் கடைப் பெயர் இருக்க வேண்டும், அதைத் தொட்டால் நம் பக்கம் திறக்க வேண்டும். அதற்குத்தான் லிங்க் என்று பெயர்.

‘லிங்க் சேர்க்கச் சுலபமான பத்து வழிகள்’ என்று எங்கேயோ ஒரு கட்டுரையைப் பிடித்தாள் ஸஹ்ரா. வரிசையாகச் செய்தாள். வியாபாரிகள் சங்கத்துப் பட்டியலில் பெயரைச் சேர்த்தாள். படித்த காலேஜின் பழைய மாணவிகள் பக்கத்தில் போட வைத்தாள். காற்று மெத்தை அனுப்புகிற கோயம்புத்தூர்க் கம்பெனியை மூன்று மாதம் நச்சரித்து ஒரு லிங்க் வாங்கினாள். எட்டாவது வழி இது: நீங்கள் பயன்படுத்திய ஒரு நிறுவனத்தைப் பாராட்டி நாலு வரி எழுதிக் கொடுங்கள், அவர்கள் அதை உங்கள் லிங்கோடு போட்டுக்கொள்வார்கள்.

எட்டாவது வழிக்காக நாற்பத்து மூன்று பேருக்கு மெயில் போட்டாள். ஒரே ஒருவர் பதில் போட்டார். கே.கே. நகரில் ‘கனிவகம்’ என்ற பெயரில், வீட்டோடு இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற வசீம். மெயில் வாட்ஸப் ஆனது. வாட்ஸப் டீ ஆனது. டீ, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு ஆனது. இதற்கு நடுவில் கடையும் முதல் பக்கத்துக்கு ஏறிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஸஹ்ரா அந்தப் பாராட்டில் என்ன எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை.

*

காலை எட்டரைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது. வடக்கு உத்திர வீதி அழகியமணவாளன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வேதவல்லிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டதால் இருபது நாள் முன்னால்தான் கட்டில் எடுத்திருந்தார்.

"கட்டில் வேண்டாம், பாய். எடுத்துண்டு போயிடுங்கோ."

இருபது நாளில் கட்டில் திரும்பி வருகிறதென்றால் பெரும்பாலும் ஒரு காரணம்தான் இருக்கும். பஷீர் எச்சரிக்கையாகக் கேட்டார். "மாமி எப்படி இருக்காங்க?"

"இருக்கா. நேர்ல வாங்கோ."

லோடு ஆட்டோ தைரியராஜை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பஷீருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் கட்டிலை இறக்கினாலும் முதலில் அவரே அதில் படுப்பார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை புரளுவார். கிரீச் என்றால் எழுந்து திருகாணியை முடுக்குவார். பிறகு மெத்தையில் இருக்கிற கறையை அவரே கைகாட்டிச் சொல்லுவார். "இது போன வீட்டுக் கறைங்க. துவைச்சாச்சு, போகல. சுத்தம்தான். ஆனா இருக்குன்னு சொல்லிடறேன்." முப்பது வருஷமாக இப்படித்தான். ஸ்ரீரங்கத்து வீடுகளில் பஷீர் பாய் சொன்னால் சரி என்று ஒரு பேச்சு இருப்பது இதனால்தான். இணையதளமெல்லாம் பிறகு வந்தது.

கூடத்தில் வேதவல்லி கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது.

அழகியமணவாளன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பஷீருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நேத்திக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினொரு மணிக்குப் போயிட்டு மூணரைக்கு வரேன், கதவு வெளியில பூட்டியிருக்கு. சாவி பக்கத்தாத்துல. திறந்து பார்த்தா இவ கையை இந்தக் கம்பியோட துண்டால கட்டியிருக்கு. தாகத்துக்குக் கேக்க இவளுக்கு வாயும் இல்ல. கையும் இல்லாம பண்ணிட்டா."

பஷீர் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைப் பார்த்தார். விழாமல் இருக்கட்டும் என்று அவரே கூடுதலாக வைத்துப் பூட்டிய கம்பி அது.

"பார்த்துக்கிட்ட அம்மா?"

"இருசம்மாளா? நாலு மணிக்கு வந்தா. வேற ஒரு ஆத்துக்குப் போயிருந்தாளாம். ரெண்டு வீட்டையும் பாத்துக்கோ, நடுவுல போறச்சே கையைக் கட்டிட்டுப் போன்னு ஆபீஸ்லயே சொல்லித்தான் அனுப்பியிருக்கா. வையம்பட்டியில ரெண்டு குழந்தையை விட்டுட்டு வந்திருக்கேன், வேலை போயிடும்னு என் கால்ல விழறா. அவளை நான் என்ன பண்றது?"

"எந்த ஆபீஸுங்க?" என்று கேட்டார் பஷீர்.

பெரியவர் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். பேங்க்காரர் இல்லையா, எதையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிற ஆள். "உங்க கட்டிலை எம் பொண்ணு கோதைதான் புனேல உக்காந்துண்டு தேடி எடுத்தா. உங்க பக்கத்துலயே கீழ கனிவகம்னு போட்டிருந்தது. அதைத் தொட்டா அங்க முதல்ல உங்க பேர். அதைப் படிச்சுட்டுத்தான் அவ சரின்னா. நீங்களே படியுங்கோ."

பஷீர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘மூன்று வருடம் படுத்த படுக்கையாக இருந்த என் தாயாரை, கனிவகத்திலிருந்து வந்த பெண் சொந்த மகளைப் போலப் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தார். தினம் தலை பின்னிவிட்டார். கடைசி நாள் வரை உடம்பில் ஒரு புண்கூட வரவில்லை. பஷீர் அகமது, காட்டூர்.’

அவர் இப்படி எதையும் எழுதவில்லை. அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள எந்த வெளி ஆளும் வந்ததில்லை. யார் எழுதியிருப்பார்கள் என்று யோசிக்க அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. வீட்டில் இவ்வளவு சுத்தமாகத் தமிழ் எழுதுகிற ஆள் ஒருத்திதான்.

"உங்க அம்மாவை இவாதானே பாத்துண்டா, பாய்?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் தன் பெண் பொய் எழுதினாள் என்று ஆகும். அந்தப் பொய்யை வைத்து மாப்பிள்ளை வீட்டார் பிழைக்கிறார்கள் என்றும் ஆகும். பன்னிரண்டு நாளில் நிக்காஹ். மண்டபம், பத்திரிகை, ஊரெல்லாம் சொன்ன வாய் எல்லாம் அவர் கண் முன்னால் வந்து நின்றது.

"ஆமாங்க" என்றார்.

மெத்தைக் கறையைக்கூட மறைக்காத மனிதர். வேதவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஷீர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவே இல்லை. பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்படின்னா அங்க நல்ல ஆளும் இருக்கா. இவளை முதியோர் இல்லத்துல விட்டுடலாம்னு ராத்திரியெல்லாம் மனசைக் கல்லாக்கிண்டு இருந்தேன். ஐம்பத்திரண்டு வருஷம் ஒரே ஆத்துல இருந்துட்டோம், பாய். என்னால முடியல. உங்க அம்மாவைப் பாத்துண்ட அந்தப் பொண்ணையே அனுப்பச் சொல்லிக் கேக்கறேன். கட்டில் இங்கேயே இருக்கட்டும்."

"இல்லைங்க, அது வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க பார்த்து நல்லவன்னு சொன்னா எனக்குப் போதும்."

வாசலில் தைரியராஜ் கயிற்றோடு காத்திருந்தான். "என்ன பாய், கட்டில் வரலையா?"

"இருக்கட்டும்னுட்டாங்க."

"நல்லதுதானே?"

பஷீர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. முன்னால் ஒரு டவுன் பஸ், பின்னால் இன்னொன்று. வெயில் வேறு. இறங்கி நடந்தாவது போய்விடலாமா என்று அவருக்குத் தோன்றியது. நடந்து எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

*

ஸஹ்ராவுக்கு வசீம் போன் செய்தபோது மணி ஒன்று. கடையில் அவள் மட்டும் இருந்தாள்.

"மாமா இன்னைக்கு எங்களைக் காப்பாத்திட்டார், ஸஹ்ரா" என்று ஆரம்பித்தான். குரலில் அவ்வளவு நிம்மதி.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன்தான் எல்லாவற்றையும் சொன்னான். துண்டு, கம்பி, இருசம்மாள், பெரியவர் போலீஸுக்குப் போவதாக இருந்தது, பஷீர் மாமா போய் ‘ஆமா’ என்றதும் மனம் மாறி அவரே கனிவகத்துக்குப் போன் செய்தது. போனை எடுத்துப் பேசியது வசீமின் அம்மா கமர் ஜஹான். ஆபீஸை நடத்துகிறவர் அவர்தான்.

ஸஹ்ரா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தா அதைப் படித்துவிட்டார். படித்துவிட்டு ஆமாம் என்று வேறு சொல்லியிருக்கிறார்.

"கையைக் கட்டச் சொன்னது யாரு?"

"யாரும் அப்படியே சொல்லல. விழுந்துட்டா நம்ம மேல வரும், ஜாக்கிரதையா இருங்கன்னு அம்மா சொல்லியிருப்பாங்க."

"ஒரு ஆளுக்கு ரெண்டு வீடா, வசீம்?"

"எங்கிட்ட இருக்கறது பதினாலு ஆளு. வீடு இருபத்தாறு. நீ வரதுக்கு முன்னாடி ஒன்பது வீடுதான் இருந்துச்சு. உன்னோட லிங்கு, அத்தா பேர்ல நீ எழுதினது, அதையெல்லாம் பார்த்துட்டுத்தான் எல்லாரும் வராங்க. வர்றவங்களை வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ஆள் கிடைக்கற வரைக்கும் சமாளிக்கறோம்."

வசீமை அவளுக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு நியாயம் செய்ததாகாது. பொய்யை மினுக்கிச் சொல்லத் தெரியாத பையன். அதனால்தான் இப்போதும் கேட்டவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். எட்டாவது வழி இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அந்தக் கட்டுரையில் போடவில்லை.

"அந்தப் பாராட்டை எடுத்துடுங்க."

"இப்பவா? பஷீர் பாயே பின்வாங்கிட்டார்னு ஆயிடும். அந்தப் பெரியவர் மறுபடி கிளம்பிடுவார். நிக்காஹ் முடியட்டும், நானே எடுத்துடறேன்."

"எழுதினது நான். எடுங்கன்னு நான் சொல்றேன்."

"எங்க பக்கத்துல இருக்கு, ஸஹ்ரா. அம்மா ஒத்துக்க மாட்டாங்க." அவன் தயங்கினான். "நாளைக்குக் காலையில வேற ஆளை அனுப்பறோம். அவங்கதான் மாமாவோட அம்மாவைப் பார்த்தவங்கன்னு சொல்லிடுவோம். பெரியவருக்கும் மனசு ஆறிடும்."

"அவங்க எத்தனை வீடு பார்ப்பாங்க?"

"ரெண்டுதான்" என்றான் வசீம்.

போனை வைத்துவிட்டு அவள் தன் கடைப் பக்கத்தில் இருந்த கனிவகம் லிங்கை எடுத்தாள். அரை நிமிஷ வேலை. எடுத்து என்ன பயன்? அத்தா பேரில் அவள் எழுதிய நாலு வரி அங்கே கே.கே. நகரில் அப்படியே இருந்தது. அவர்கள் அதை இன்னும் மூன்று இணையதளங்களில் கொடுத்திருந்தார்கள். அவள் சொல்லிக் கொடுத்த வழிதான். அதில் ஒன்றைக்கூட அவளால் தொட முடியாது.

*

மத்தியானத் தொழுகை, லுஹர், முடித்துவிட்டு வந்த பஷீர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. சுராயா குழம்பை ஊற்றினாள்.

"ஸ்ரீரங்கத்துக் கட்டில் என்ன ஆச்சு?"

"இருக்கட்டும்னுட்டாங்க."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?"

ஸஹ்ரா கதவருகே வந்து நின்றாள். கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் மாடிப்படி ஏறும்போது நினைத்தாள். முடியவில்லை.

"ஏன் அத்தா ஆமான்னு சொன்னீங்க?"

பஷீர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எம் பொண்ணு எழுதினதை வெளி ஆள் முன்னாடி இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

சுராயா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன எழுதினே?"

ஸஹ்ரா அத்தாவைப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா? நீ எழுதினதைப் படி."

ஸஹ்ரா போனை எடுத்துப் படித்தாள். ‘சொந்த மகளைப் போல’ என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தாள். கடைசி வரி வரை படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் நின்றாள்.

"இன்னொரு தடவை படி" என்றாள் சுராயா.

படித்தாள்.

மாமியாரைச் சுராயா மூன்று வருஷம் பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் பகலும் இரவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக் காலையில் போய் மத்தியானம் திரும்பி வந்தவள். மாமியார் மௌத்தான அன்று உடலைக் குளிப்பாட்ட வந்த பெண்கள், "மூணு வருஷம் கிடந்த உடம்பா இது? ஒரு புண்ணு இல்லையே, சுராயா" என்று சொன்னதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. மனசுக்குள் வைத்திருந்தாள். அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

"நாம யாரையும் வேலைக்கு வெச்சதில்லம்மா" என்றாள் ஸஹ்ரா. அழுகை வந்துவிட்டது. "அவங்களைப் பயன்படுத்தின மாதிரி எழுதணும். எனக்கு எழுத வேற ஒண்ணும் தெரியல. நன்னியை நீங்க பார்த்ததை அப்படியே எழுதினேன். ஆளை மட்டும் மாத்திட்டேன்."

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. தலை பின்னினதுகூட ஞாபகம் வெச்சிருக்கே." சுராயா குரல் உயரவில்லை. "பக்கத்துல இருந்து பார்த்திருக்கே. பார்த்துட்டு அதைத் தூக்கி வேற யாருக்கோ கொடுத்திருக்கே."

வசீம் சொன்னதை ஸஹ்ரா சொன்னாள். மாமியின் கையைத் துண்டால் கட்டியது, நாளைக் காலையில் வரப்போகிற ஆள், அவளுக்கும் இரண்டு வீடு, நன்னியைப் பார்த்தவள் என்று சொல்லி அனுப்பப்போவது எல்லாவற்றையும் சொன்னாள். இதைக் கேட்டதும் பஷீர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"தைரியராஜை வரச் சொல்லுங்க" என்றாள் சுராயா. "அந்தப் பெரியவர் கேட்ட ஆளு நான்தான். நானே போறேன்."

"போய் என்ன சொல்லப் போறே?"

"கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்."

"கல்யாணம் நின்னுடும், சுராயா."

அவள் புர்காவை எடுத்துக்கொண்டாள். "நின்னா நிக்கட்டும்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லைங்க. எம் பொண்ணு வாழணும்னு எனக்கு இல்லையா? ஆனா நாளைக்கு அந்தம்மா கையில இன்னொரு துண்டு விழும். அது உங்க அம்மா பேரைச் சொல்லிட்டு வந்து விழும்." பிறகு ஸஹ்ராவைப் பார்த்தாள். "நீயும் வா."

*

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு உத்திர வீதிக்கு வந்து சேர்ந்தார்கள். அழகியமணவாளன் கதவைத் திறந்து, புர்காவில் நின்ற சுராயாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"நாளைக்குன்னுதானே சொன்னா, இன்னைக்கே அழைச்சுண்டு வந்துட்டேளா, பாய்? வாங்கோம்மா, உள்ள வாங்கோ."

சுராயா உள்ளே போனாள். கூடத்தைப் பார்த்ததும் மற்றவர்களை மறந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நேரே கட்டிலுக்குப் போய், வேதவல்லியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அம்மா, கொஞ்சம் திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?" என்று கேட்டாள். வேதவல்லி கண்ணை மூடித் திறந்தார். ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, அவள் திருப்பிய விதத்தில் கட்டில்கூட அசையவில்லை.

"ஸஹ்ரா, இங்க வந்து பாரு."

இடுப்பெலும்புக்கு மேலே தோல் கன்றிச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. ஸஹ்ரா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள்.

"பாரு" என்றாள் சுராயா. "நீ வரலைன்னு எழுதினியே, அந்தப் புண்ணு இதுதான்."

பெரியவருக்குப் புரியவில்லை. "கனிவகத்துல எத்தனை வருஷமா இருக்கேள்மா?"

"நான் கனிவகம் இல்லைங்க. இவரோட வீட்டுக்காரி. எங்க மாமியாரைப் பார்த்துக்கிட்டது நான்தான். வேற யாரும் வரல."

அழகியமணவாளன் பஷீரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "காத்தால ஆமான்னேளே."

"பொய் சொன்னேங்க" என்றார் பஷீர். முப்பது வருஷத்தில் ஸ்ரீரங்கத்தில் அவர் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"அப்போ இதை யாரு எழுதினது?"

"நான்தாங்க" என்றாள் ஸஹ்ரா.

சுராயா யாரையும் பார்க்காமல் ஒரு தலையணையை மடித்து வேதவல்லியின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். நாளைக்குக் காத்தால கலெக்டர் ஆபீஸுக்குப் போறேன். இவ கையைக் கட்டினதுக்கு என்கிட்ட இருக்கற சாட்சி ஒரு இருசம்மாள். அவ வேலைக்குப் பயந்து நாளைக்கே மாத்திச் சொல்லிடுவா. எழுதத் தெரிஞ்ச பொண்ணு நீ. உனக்குத் தெரிஞ்சதை எழுதிக் கொடும்மா."

ஸஹ்ரா உட்கார்ந்தாள். முதல் வரி சிரமப்படுத்தவில்லை. ‘என் தந்தை பெயரில் கனிவகம் இணையதளத்தில் உள்ள பாராட்டை எழுதியவள் நான். அது உண்மை அல்ல.’

இரண்டாவது வரிதான் விஷயம். பதினாலு ஆளை வைத்து இருபத்தாறு வீடு நடத்துகிறோம் என்று வசீம் சொன்னது அவளிடம் மட்டும்தான். நாளைக்கு வருகிறவளுக்கும் இரண்டு வீடு என்று சொன்னதும் அவளிடம்தான். கட்டிக்கொள்ளப் போகிறவளாயிற்றே என்று நம்பிச் சொன்னான். அதை இந்தத் தாளில் எழுதினால் அவன் நம்பியதையே எடுத்து அவன் மேல் வீசியதாகும். எழுதாவிட்டால் முதல் வரியால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பேனா தாளின் மேலேயே நின்றது.

பஷீர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். தோளில் கை வைத்தார்.

"எழுதும்மா. இந்தத் தடவை உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தை நானே போடறேன்."

மேஜை மேல் போன் அதிர்ந்தது. வசீம். லிங்கை எடுத்ததைப் பார்த்திருப்பான். அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. ஸஹ்ரா எடுத்தாள்.

"எங்க இருக்கே? அம்மா கேக்கறாங்க, ஏன் எங்க பேரை எடுத்துட்டேன்னு."

"ஸ்ரீரங்கத்துல இருக்கேன். அந்தப் பெரியவர் வீட்டுல." ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரண்டாவது வரியைத் தொடங்கியிருந்தாள். "மத்தியானம் நீங்க எங்கிட்ட சொன்னதை எழுதிக்கிட்டிருக்கேன், வசீம். உங்க பேரைப் போட்டுத்தான் எழுதறேன். நீங்களும் வந்து கையெழுத்துப் போடறீங்களா?"

அந்தப் பக்கம் பதில் இல்லை. அவன் போனை வைக்கவும் இல்லை.